பாசி தின்னும் மீன் பட்டினியில் மெலிந்தது: ஒரு வீட்டுப் பவளத்தொட்டி நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றி எழுதுகிறேன்

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் ஒரு நான்கறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு. கூடத்தில் மூன்றடி நீளப் பவளத்தொட்டி. பாசியைத் தின்பதற்கென்றே வாங்கி விட்ட லான்மோவர் பிளெனி என்ற மீன், கண்ணெதிரே பாசி ஆடிக்கொண்டிருந்த அந்தத் தொட்டியிலேயே பத்து வாரத்தில் வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரியும் நிலைக்கு வந்தது. அதை எப்படிக் கண்டோம், என்ன செய்தோம், எங்கே நானே தவறினேன் என்பதையெல்லாம் நடந்த வரிசையில் பதிவு செய்கிறேன். குடும்பத்தார் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

வீட்டுக்காரருக்கு முப்பத்தைந்து வயதுக்குமேல் இருக்கும். மனைவி, பள்ளி போகும் மகன், அவருடைய அம்மா ஆகியோர் உடன் இருக்கிறார்கள். நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர். கடல்நீர்த் தொட்டி இதுதான் முதல். நான் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பவளத்தொட்டி வைத்திருப்பவன். வேலையிடத்து நண்பர் ஒருவர் வழியாக அறிமுகம்.

தொட்டி 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். கீழே இருக்கும் சம்ப் எனும் வடிகட்டுத் தொட்டியையும் சேர்த்தால் ஏறக்குறைய 200 லிட்டர் நீர். நீரைக் குளிர்விக்கும் சில்லர் வைத்து 26 டிகிரியில் வைத்திருந்தார். நம் ஊரில் கூடத்து வெப்பம் பகலில் 30 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. சில்லர் இல்லாமல் பவளத்தைப் பற்றி யோசிக்கவே முடியாது. ஒரு ஜோடி கிளவுன் மீன், இரண்டு கிளீனர் இறால், சில ஹெர்மிட் நண்டுகள், ஒரு ஹேமர் பவளம், கொஞ்சம் ஸோவாந்தஸ் எனும் பூப்போன்ற சிறு பவள வகை. பதினோரு மாதத் தொட்டிக்கு இது அளவான கூட்டம்தான்.

2023 ஆகஸ்ட் வாக்கில் பாறைகளில் பாசி ஏறியது. கண்ணாடியில் பச்சைப் படலம், பாறையில் விரலளவு நீளத்துக்கு முடி முடியாக ஆடும் பாசி. கடைக்காரர்கள் ஹேர் ஆல்கே என்பார்கள். இங்கே முடிப்பாசி என்றே சொல்லிக்கொள்கிறேன். அவருடைய குறிப்பேட்டில் அப்போதைய அளவுகள் இருந்தன: பாசிக்கு உரமாகும் சத்துகளான நைட்ரேட் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு), பாஸ்பேட் 0.4 பிபிஎம். பவளத்தொட்டிக்குப் பாஸ்பேட் 0.1க்குள் இருந்தால் நல்லது என்று பொதுவாகக் கொள்வோம். அதைப்போல நான்கு மடங்கு.

காரணம் பிற்பாடு தெரிந்தது. காலையில் அம்மா தீனி போடுவார். மாலையில் வேலை முடிந்து வந்து வீட்டுக்காரரும் போடுவார். ஒருவர் போடுவது இன்னொருவருக்குத் தெரியாது. உறைந்த தீனியை ஒரு குவளையில் கரைத்து, அந்தச் சாற்றோடு சேர்த்தே ஊற்றினார்கள். போதாதற்கு, வேறொருவரிடமிருந்து பழையதாக வாங்கிய ஆர்ஓ வடிகட்டியின் சவ்வு எப்போது மாற்றப்பட்டது என்றே யாருக்கும் தெரியாது.

மீன் வாங்கியது

2023 செப்டம்பர் 16, சனிக்கிழமை. கடையில் பாசிப் பிரச்சினையைச் சொன்னதும் லான்மோவர் பிளெனி ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். ஏழு செ.மீ. நீளம். பழுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி, பட்டை; கண்ணுக்குமேல் சிறு குஞ்சம்; இருபது வெள்ளிக்குள் விலை. “இதை விட்டா பாசி போயிடும், தனியாத் தீனி போடவே வேணாம்” என்று சொல்லித் தந்ததாக வீட்டுக்காரர் நினைவுகூர்ந்தார்.

அவர் மனம் முதலில் மஞ்சள் டேங் என்ற பாசி தின்னும் மீன்மீது இருந்தது. அதை வாங்காமல் விட்டது நல்ல முடிவு. மஞ்சள் டேங் 20 செ.மீ. வரை வளரும், நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும் மீன் அது. மூன்றடித் தொட்டி அதற்குப் போதாது. அளவைப் பார்த்துப் பிளெனியைத் தேர்ந்தெடுத்தது சரிதான். அது என்ன தின்னும் என்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

இந்த மீன் எப்படித் தின்கிறது

கொஞ்சம் நின்று இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கெல்லாம் விளக்கம் இங்கேதான் இருக்கிறது.

அறிவியல் பெயர் சலேரியஸ் ஃபேசியேட்டஸ். செங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள் வரை ஆழமில்லாத பவளத்திட்டுகளில் வாழ்வது, 14 செ.மீ. வரை வளரும். லான்மோவர் என்றால் புல் வெட்டும் எந்திரம். அந்தப் பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. நீண்ட புல்லை வெட்டும் வாய் இதற்குக் கிடையாது. இந்தக் குடும்பத்து மீன்களின் பற்கள் சீப்புப் பல்போல மெல்லியவை, நெருக்கமாக வரிசையில் நிற்பவை. தடித்த உதட்டைப் பாறைமேல் அழுத்தி ஒரு சுரண்டு சுரண்டும். மேலே படிந்த மெல்லிய பாசிப் படலமும், அதில் சிக்கியிருக்கும் மட்கிய துகளும் வாய்க்குள் போகும். கிரேட் பேரியர் ரீஃபில் இதன் நெருங்கிய உறவு மீன்களை ஆராய்ந்தவர்கள், அவற்றின் குடலில் பாசியைவிட இந்த மட்கிய துகளே மிகுந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆக, இதைப் பாசி தின்னி என்பதைவிடப் படலம் சுரண்டி என்று சொன்னால் பொருந்தும். முடிப்பாசியைச் சில மீன்கள் கொறிக்கும். பல மீன்கள் தொடவே தொடாது.

இன்னொன்று: வளர்ந்த பிளெனிகளில் பெரும்பாலானவற்றுக்கு நீந்தி மிதக்க உதவும் காற்றுப்பை இல்லை. அதனால் அது பாறையில் உட்காரும், தாவும், மறுபடி உட்காரும். நடுநீரில் நின்று உண்பது அதன் வழக்கமே இல்லை.

அப்புறம், சுரண்டி உண்ணும் மீன் ஒரே வேளையில் வயிறு நிரப்பிக்கொள்வதில்லை. விடிந்ததிலிருந்து விளக்கணையும் வரை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். வெளியேயும் அப்படித்தான்: நன்றாகத் தின்னும் பிளெனி, மணல் கலந்த கயிறுபோல நாள் முழுக்கக் கழித்துக்கொண்டே இருக்கும். அதை முகம் சுளிக்காமல் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

முதல் எட்டு வாரங்கள்

வந்த மூன்றாம் நாளே கண்ணாடி முழுக்கப் பிறை பிறையாக உதட்டுத் தடங்கள். மகனுக்கு ஒரே கொண்டாட்டம். அந்த நாள்களில் எடுத்த படங்களை எனக்குக் காட்டினார்கள். வயிறு பக்கவாட்டில் நன்றாகப் புடைத்துத்தான் இருந்தது. கண்ணாடியும் பாறையின் வழுவழுப்பான பகுதிகளும் தெளிந்தன. முடிப்பாசி அப்படியே நின்றது.

அக்டோபர் நடுவில், முடிப்பாசி போகவில்லையே என்று வீட்டுக்காரர் ஒரே வாரத்தில் நான்கு காரியம் செய்தார். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுத் துகளைச் சம்ப்பில் போட்டார், அதுவும் பையில் எழுதியிருந்த முழு அளவு. விளக்கு நேரத்தை 11 மணியிலிருந்து 7 மணியாகக் குறைத்தார். தீனியை இரண்டு நாளுக்கு ஒரு கட்டி என்று ஆக்கி, அம்மாவை இனிமேல் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தினமும் காந்தச் சுரண்டியால் கண்ணாடியைத் துடைத்தார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமான காரியம்தான். நான்கும் சேர்ந்தபோது, அந்த மீனின் சாப்பாட்டை நான்கு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டன.

நவம்பர் 12 தீபாவளி. முதல் நாள் வீடு துடைத்த கையோடு, விருந்தாளிகள் வருகிறார்களே என்று நான்கு கண்ணாடிகளையும் சுரண்டி, கைக்கு எட்டிய பாறைகளைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்துவிட்டார்கள். மிச்சமிருந்த படலமும் அன்று போய்விட்டது. பிரஷுக்கு எட்டாத இடுக்குகளில் முடிப்பாசி மட்டும் நின்றது.

முதலில் கவனித்தவர்

அம்மாதான். தினமும் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து காலைத் தேநீர் குடிப்பவர் அவர். தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். “இந்த மீனுக்கு வயிறு ஒட்டிப் போச்சுப்பா, பட்டினி போடுறோம்” என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். “அது பாசி தின்னும்மா, பாருங்க பாசி இருக்கே” என்பது வீட்டுக்காரரின் பதில். இரண்டு நாள் கழித்து மறுபடி சொன்னார். அதே பதில்.

நவம்பர் 20 வாக்கில் பிளெனி ஹேமர் பவளத்தின் சதையைக் கொத்த ஆரம்பித்தது. பவளத்துக்கு ஆபத்து என்றதும்தான் வீட்டுக்காரர் என்னை அழைத்தார். “அண்ணே, பிளெனி பவளத்தக் கடிக்குது. புடிச்சு வெளிய எடுக்கணும், உதவி செய்வீங்களா?” மீன் மெலிந்திருப்பதைப் பற்றி அந்த அழைப்பில் ஒரு வார்த்தைகூட இல்லை.

நவம்பர் 25: பார்த்தவை

சனிக்கிழமை மாலை போனேன். தூண்டில், வலை எதையும் எடுக்காமல் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன்.

வயிறு உள்வாங்கியிருந்தது. முதுகுத் துடுப்புக்குக் கீழே இருக்க வேண்டிய சதை குறைந்து, தலைக்குப் பின்னால் உடல் சட்டென்று ஒடுங்கித் தெரிந்தது. நிறம் வெளுத்திருந்தது. மூச்சு சீராக இருந்தது. உடம்பில் வெண்புள்ளியோ, தோல் உரிதலோ இல்லை. அது சுரண்டவும் முயன்றது. பாறையில் வாய் வைத்து எடுத்து, வைத்து எடுத்து, இடம் மாறிக்கொண்டே இருந்தது. அந்த அரை மணியில் ஒரு தடவைகூடக் கழிக்கவில்லை. குடற்புழு இருந்தால் வெள்ளை நூல்போலக் கழிவு வருவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அதுவும் இல்லை. தின்ன மனமிருக்கிறது, தின்ன எதுவும் இல்லை என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது.

நீரைச் சோதித்தோம். நைட்ரேட் 1 பிபிஎம். பாஸ்பேட் சோதனைக் கருவியில் தெரியவே இல்லை. ஹேமர் பவளம் வெளிறிச் சுருங்கியிருந்ததற்குக் கொத்து மட்டும் காரணமில்லை, பவளத்துக்கும் சத்துப் போதவில்லை. அப்படியானால் முடிப்பாசி எப்படி நிற்கிறது? பாறைக்குள் மாதக்கணக்கில் ஊறிய பாஸ்பேட் மெல்லக் கசிந்து வெளியேறும். பாறையிலேயே வேரூன்றியதுபோல் பற்றியிருக்கும் முடிப்பாசி, அது நீரில் கலந்து கருவிக்குத் தெரிவதற்கு முன்பே எடுத்துக்கொண்டுவிடும்.

ஆர்ஓ நீரை மீட்டரால் அளந்தபோது, கரைந்திருக்கும் பொருள்களின் அளவான டிடிஎஸ் 38. பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டியது.

எடுத்த முடிவுகள்

மீனைப் பிடித்துத் தனித்தொட்டியில் போடலாமா என்று முதலில் யோசித்தோம். நோய் என்றால் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் வெறுங்கண்ணாடித் தொட்டியில் சுரண்ட எதுவுமே இருக்காது. பிடிப்பதற்காகப் பாறைகளையெல்லாம் கலைக்க வேண்டும். மெலிந்த மீனுக்கு அந்த அலைச்சல் ஆகாது. அங்கேயே வைத்துத் தேற்றுவது என்று முடிவு செய்தோம்.

கடைக்குத் திருப்பிக் கொடுப்பதையும் பேசினோம். கடைத்தொட்டியில் படலம் இன்னும் குறைவாகத்தான் இருக்கும். “அப்ப பாசிர் ரிஸ் கடல்ல விட்டுடலாமா அண்ணே? கடல் மீன்தானே” என்று அவர் கேட்டார். மனம் நொந்து கேட்ட கேள்வி அது. கூடவே கூடாது என்றேன். தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியில்லாமல் விலங்குகளை இயற்கையில் விடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம். எங்கோ பிடிபட்டு, ஏற்றுமதிக் கூடத்திலும் கடையிலும் பல நீர்நிலைகளில் கலந்து வந்த மீன், எந்த நோயைச் சுமந்துகொண்டு நம் கடலில் இறங்கும் என்று யாரால் சொல்ல முடியும்? இந்த நிலையில் அதுவும் அங்கே பிழைக்காது.

ஹேமர் பவளத்தைக் கண்ணித் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் கூடையால் மூடினோம். இரும்பு ஆக்சைடுத் துகளில் பாதியை எடுத்தோம்; முழுவதும் எடுத்தால் பாஸ்பேட் ஒரேயடியாக எகிறிவிடும் என்று பயந்தேன். முன்கண்ணாடி தவிர மற்ற மூன்றையும் இனிச் சுரண்டுவதில்லை என்று பேசிக்கொண்டோம். விளக்கு 9 மணி நேரம். தீனி அம்மாவின் பொறுப்பு, ஒருவர் மட்டும். ஆர்ஓ சவ்வை மாற்றுவது வீட்டுக்காரர் வேலை.

பிறகு நான் ஒரு தவறு செய்தேன். பேரங்காடியில் கிடைக்கும், எண்ணெய் உப்பு சேர்க்காத நோரி எனும் உலர்ந்த கடற்பாசித் தாளை ஒரு கிளிப்பில் மாட்டி, நடுநீரில் தொங்கவிட்டுவிட்டு, “ரெண்டு நாள்ல பழகிடும்” என்று சொல்லி வந்துவிட்டேன். என் வீட்டு டேங் மீன்கள் அப்படித்தான் உண்ணும், அந்தப் பழக்கத்தில் செய்தேன். நடுநீரில் நிற்காத மீனுக்கு நடுநீரில் சாப்பாடு. கிளவுன் மீன்கள் கிழித்துப் பார்த்தன, இறால்கள் தின்றன. பிளெனி பாறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததாக அம்மா சொன்னார். அவரும் கீரையை வேகவைத்து ஒரு கல்லில் கட்டிப் பார்த்திருக்கிறார். அதையும் அது தொடவில்லை. மெலிந்த மீனுக்கு நான்கு நாள் என்பது பெரிய இழப்பு. அதற்குப் பொறுப்பு நான்தான்.

நவம்பர் 29: படலம் ஏறிய கல்

புதன்கிழமை இரவு மறுபடி போனேன். இந்த முறை என் வீட்டிலிருந்து நான்கு சிறு கற்கள் கொண்டு போனேன். பச்சையும் பழுப்புமாகப் படலம் வழுவழுவென்று ஏறியிருந்தவை. எந்தத் தொட்டியிலிருந்து எடுப்பது என்பதில் கவனமாக இருந்தேன். கடல்மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி, வாழ்சுழற்சியில் ஒரு கட்டத்தைக் கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு கழிக்கும். மீன் இல்லாமல் 76 நாள் விட்டால் பாதுகாப்பு என்பது எங்கள் வட்டத்தில் பரவலாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. என்னிடம் ஐந்து மாதமாக மீனே இல்லாத ஒரு சிறு பவளத்தொட்டி இருந்தது. அதிலிருந்து எடுத்தவைதான் இந்தக் கற்கள். மீன் இருக்கும் தொட்டியின் கல் என்றால் கொடுத்திருக்க மாட்டேன்.

பிளெனி ஒளிந்துகொள்ளும் பொந்துக்குப் பக்கத்திலேயே இரண்டு கற்களை வைத்தோம். விளக்கணைய ஒரு மணி நேரம்தான் இருந்தது. கூடத்தில் யாரும் பேசவில்லை. இருபது நிமிடம் போயிருக்கும். தலையை மட்டும் நீட்டியது, தாவி வந்து முதல் கல்லில் உட்கார்ந்தது, சுரண்ட ஆரம்பித்தது. விளக்கு அணையும்வரை அது அந்தக் கல்லைவிட்டு இறங்கவே இல்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான்கு கல் எத்தனை நாளைக்கு வரும்? மூன்று நாளில் இரண்டு வெளுத்துவிட்டன. வீட்டிலேயே படலம் வளர்க்கத்தான் வேண்டும்.

சமையலறைச் சன்னலில் ஒரு பெட்டி

20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி. வாராவாரம் தொட்டியிலிருந்து மாற்றி எடுக்கும் பழைய நீரை அதில் ஊற்றினோம். ஒரு காற்றுக்குழாய், எட்டுக் கற்கள். வெயில் விழும் சமையலறைச் சன்னலோரம் வைத்தோம். நடைபாதையில் வைத்தால் வெயில் நன்றாகக் கிடைக்கும்தான், ஆனால் அது பொதுவழி. கொசு பற்றி அம்மாவுக்குக் கவலை. தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வீடு வீடாக வந்து தேங்கிய நீரைப் பார்ப்பவர்களாயிற்றே. நீர் எப்போதும் குமிழியிட்டு அசைந்துகொண்டே இருந்தாலும், மேலே நெருக்கமான கண்ணிவலை கட்டி ஓரத்தை நாடாவால் ஒட்டினோம்.

ஒரு சிக்கல் வந்தது. பெட்டி நீர் ஆவியாகிக் குறைந்தபோது, செடிக்கு ஊற்றும் பழக்கத்தில் அம்மா குழாய் நீரை ஓர் இரவு வைத்திருந்து ஊற்றியிருக்கிறார். பொதுப் பயனீட்டுக் கழகம் நம் குடிநீரில் குளோரமைன் சேர்க்கிறது. வெறும் குளோரின்போல இது ஓர் இரவில் பறந்துவிடாது. அந்த வாரக் கற்களைத் தொட்டியில் போடாமல் நிறுத்தி, பெட்டி நீரை முழுக்க மாற்றினோம். அதற்குப் பிறகு ஆர்ஓ நீர் நிரப்பிய ஒரு போத்தல் பெட்டி பக்கத்திலேயே நின்றது.

டிசம்பர் மழை அடுத்த தடை. வடகிழக்குப் பருவக்காற்று நேரத்தில் நாள் கணக்கில் வெயிலே முகம் காட்டவில்லை. பத்து நாளாகியும் கற்கள் வெள்ளையாகவே இருந்தன. படிப்பு மேசையில் கிடந்த எல்இடி விளக்கை எடுத்துப் பெட்டிமேல் கட்டி, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டோம். ஒரு வாரத்தில் பழுப்புப் படலமும் பிறகு பச்சையும் ஏறின. இடைப்பட்ட நாள்களை என் தொட்டிக் கற்களை வைத்துச் சமாளித்தோம்.

தொடர்ந்து நடந்தவை

டிசம்பர் 2 காலை எனக்கு அம்மாவிடமிருந்து ஒரு குரல்பதிவு: “தம்பி, மீன் வெளிய போயிருக்கு. நல்லா நீளமா.” எனக்கு அந்த ஆண்டில் வந்த நல்ல செய்திகளில் இதுவும் ஒன்று என்றே சொல்வேன். குடல் வேலை செய்கிறது. அன்றிலிருந்து அவர் தேதி கிழிக்கும் நாட்காட்டித் தாளில் தினமும் இரண்டு குறி போட்டார். தின்றதற்கு ஒரு வட்டம், கழித்ததற்கு ஒரு கோடு. கிழித்த தாள்களையும் எறியாமல் ஓர் உறையில் போட்டு வைத்தார். எந்தக் கல்லை எத்தனை நாளில் தீர்த்தது என்பதுவரை அதில் இருந்தது.

டிசம்பர் நடுவில் நோரியை மறுபடி முயன்றோம். இம்முறை தட்டையான கல்லில் தாளை ஒட்டவைத்து, ரப்பர் வளையம் போட்டு, ஈரத்தோடு ஸ்பைருலினா எனும் நுண்பாசிப் பொடியைத் தேய்த்துப் பொந்தருகே வைத்தோம். முதல் இரண்டு நாள் இறால்களுக்குத்தான் விருந்து. இறால்களுக்கு வேறு மூலையில் தனியாகத் தீனி போட்டுத் திசைதிருப்பினோம். மூன்றாம் நாள் பிளெனி அந்தக் கல்லில் வாய் வைத்தது. ஜனவரி தொடக்கத்தில், கிளவுன் மீன்கள் விட்டு மூழ்கும் பாசித் துகள் தீனியைப் பாறையில் விழுந்ததும் பொறுக்கத் தொடங்கியது.

ஜனவரி 6 அன்று பார்த்தபோது வயிறு தட்டையிலிருந்து வட்டத்துக்கு வந்திருந்தது. முதுகுச் சதை ஏற இன்னும் ஒரு மாதம் பிடித்தது. வயிறு ஒரு வாரத்தில் நிரம்பும், போன சதை வர மாதக்கணக்காகும். கூடையை எடுத்த பிறகு அது ஹேமர் பவளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பவளத்தின் ஆறு தலைகளில் ஒன்று செத்துவிட்டது. அதைக் காப்பாற்ற முடியவில்லை.

முடிப்பாசி? அந்த வேலையைப் பிளெனியிடமிருந்து எடுத்துவிட்டோம். வாராவாரம் ஒரு கல்லாக வெளியே எடுத்துக் கையால் பிடுங்கி, தொட்டி நீரிலேயே அலசி வைத்தோம். எட்டு டிரோக்கஸ் நத்தைகள் விட்டோம். கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும் நத்தை அது, இந்தக் காரியத்துக்கு எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை. ஆர்ஓ சவ்வு புதிதானது, டிடிஎஸ் பூஜ்யத்துக்கு வந்தது. உறைந்த தீனியை வடிகட்டியில் அலசிய பின்பே போட்டார்கள். பாஸ்பேட் 0.05 முதல் 0.08 பிபிஎம்முக்குள் நிலைத்தது. 2024 மார்ச் முடிவில் முடிப்பாசி இரண்டு இடுக்குகளில் மட்டும் மிஞ்சியது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வாங்கும் நாளிலேயே கடையில் நின்று, இந்த மீன் தீனி எடுக்கிறதா என்று போடச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். துகள் தீனியோ நோரியோ தின்னும் பிளெனி கடையிலேயே கிடைக்கும். ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கலாம். கடலில் பிடித்து வரும் மீன் வழியெல்லாம் பட்டினி கிடந்துதான் வருகிறது.

பதினோரு மாதத் தொட்டியில் இந்த மீனை விட்டிருக்கவே வேண்டுமா என்பதில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் கருத்து ஒன்றில்லை. பெட்டியில் படலம் வளர்க்கும் முறையை முதல் நாளே தொடங்கியிருந்தால் போதும் என்கிறார் அவர். ஓராண்டு தாண்டிப் பாறைகள் முதிர்ந்த பிறகு, அதுவும் ஒரு தொட்டிக்கு ஒரு சுரண்டி மீன் மட்டும் என்று நான் சொல்வேன். பிற்பாடு இன்னொரு பாசி மீன் சேர்க்கலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்றதும் அதனால்தான். இருக்கும் படலத்துக்குப் போட்டி வந்துவிடும்.

பாஸ்பேட்டைக் குறைத்தது சரி. ஒரு வாரத்தில் நான்கு மாற்றம் சரியில்லை. துகளைக் கால் பங்கு போட்டு இரண்டு வாரம் அளந்து பார்த்திருந்தால், மீனுக்கு வேறு தீனி பழக்க நேரம் கிடைத்திருக்கும். பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் ஒரேயடியாக அடிமட்டத்துக்குப் போனால் டைனோ எனப்படும் சளிபோன்ற பழுப்பு வளர்ச்சி வரும் ஆபத்தும் உண்டு. இங்கே அது வராமல் தப்பித்தோம்.

என் பங்குக்கு: முதல் சந்திப்பில் மீனின் உடலைக் கவனமாகப் பார்த்த நான், அது எங்கே உட்கார்ந்து உண்ணும் என்பதை யோசிக்கவில்லை. இப்போது யாராவது மெலிந்த மீன் என்று கூப்பிட்டால், அது தொட்டியின் எந்த மட்டத்தில் வாய் வைக்கிறது என்பதை முதலில் கேட்கிறேன். வீட்டில் யார் அதிக நேரம் தொட்டிக்கு எதிரே உட்காருகிறார் என்றும் கேட்டு, அவரிடமே பேசுகிறேன். அம்மா சொன்ன அன்றே என்னை அழைத்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

இப்போதைய நிலை

ஞாயிறுதோறும் மகன் ஒரே இடத்திலிருந்து, மீன் பக்கவாட்டில் நிற்கும்போது ஒரு படம் எடுக்கிறார். முந்தைய வாரப் படத்தோடு வயிற்றை ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். பெட்டியில் இப்போது நான்கு கற்கள்தான், மாற்றி மாற்றிப் போகின்றன. பிளெனி 11 செ.மீ. தொட்டியின் மேல்பகுதியை வலையால் மூடியிருக்கிறார்கள். நன்றாகத் தின்று தெம்பாக இருக்கும் பிளெனி வெளியே தாவிவிடும்.

2024 அக்டோபர் 31, அடுத்த தீபாவளி. முதல் நாள் வீட்டைத் துடைத்தபோது முன்கண்ணாடியை மட்டும் சுரண்டினார்கள். மற்ற மூன்று பக்கமும் பச்சை அப்படியே இருந்தது. பலகாரத் தட்டோடு நான் தொட்டி முன்னால் உட்கார்ந்தபோது, பின்கண்ணாடியில் அன்று காலை பதிந்த உதட்டுத் தடங்களை அம்மா விரல் வைத்துக் காட்டினார்.